இருபத்தேழாம் நம்பர் கண்ணாடி

ஜெயராணிக்குப் பயம் வந்தால் முதலில் வாய் காய்ந்துவிடும். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிய வரிசை வீடொன்றில் பிறந்து, பத்தொன்பதாவது வயதில் கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரம் இருட்டறையில், சிவப்பு பல்பின் கீழே தனியாக நின்றபோது அவளுக்கு எச்சிலே ஊறவில்லை. அந்த வேலைக்கோ எச்சில் வேண்டும்.

முதலாளியின் தகப்பன் காலத்துக் கண்ணாடி நெகடிவ்கள் அங்கே ஓர் அலுமாரி நிறைய இருந்தன. பழைய குடும்பத்தார் பிரதி கேட்டு வந்தால் அவற்றை எடுக்க வேண்டும். கண்ணாடியின் ஒரு பக்கம் வெறும் கண்ணாடி. மறுபக்கம் படம் பிடித்த மருந்துப் பூச்சு. பக்கம் மாறி வைத்துப் படம் போட்டால், தாலி கட்டுகிற மாப்பிள்ளை இடப்பக்கத்துக்குப் போய்விடுவார். இருட்டில் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். விரல் நுனியை நாக்கில் தொட்டுக் கண்ணாடியின் மூலையில் வைக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் மருந்துப் பக்கம். ஜெயராணி அதைப் பழகிக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த விரல் ஒரு தடவையும் பிழை சொல்லவில்லை.

எல்லோரும் கையடக்கப் போனில் படம் எடுக்கத் தொடங்கியபின் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். கொஞ்சக் காலம் துணிக்கடையில் நின்றாள். பிறகுதான் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் காரியாலயமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் வேலை கிடைத்தது. நகரத்தின் பழைய மின்நிலையத்தைக் கட்டிய காலத்தில் எடுத்த நூற்றுப் பதினாறு கண்ணாடி நெகடிவ்கள் மரப்பெட்டிகளில் கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, நம்பர் போட வேண்டும். வேலை முடிந்ததும் அவற்றைக் கண்காட்சியில் வைப்பார்கள்.

அவளுக்கு அது வெறும் வேலையாக இருக்கவில்லை. அவள் குடியிருந்ததே பவர் ஹவுஸ் லயத்தில்தான். வத்தேகம வீதியிலிருந்து கீழே இறங்கினால், பாதி இடிந்த அந்தப் பழைய மின்நிலையம். அதன் பக்கத்தில் சரிவாகச் சாய்ந்து ஓடும் பன்னிரண்டு காம்பரா, அறைக்கொரு குடும்பம். மின்நிலையச் சுவருக்குக் கிட்ட இருக்கும் முதலாவது காம்பராவில் ஜெயராணியும் அவள் புருஷன் யோகராஜும் இருந்தார்கள். சுவர்ப் பக்கமாக, சமையலுக்கு அவன் தகரத்தில் இறக்கிக் கட்டிய குசினி.

அந்த லயத்துக்குக் காணி உறுதி, நிலத்துக்கான பத்திரம், கிடையாது. மின்நிலையம் கட்டும்போதே, சுவரைச் சுற்றி நாற்பது அடி ஒதுக்கு நிலம் என்று வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். அதற்குள் விழும் வீடுகள் போகத்தான் வேண்டும்; வெளியே நிற்பவற்றுக்கு மட்டும் உறுதி. ஆனால் மின்நிலையத்துக்கு முன்பே லயம் இருந்தது என்று காட்டினால் அந்த விதி பொருந்தாது. பன்னிரண்டு காம்பராவுக்கும் உறுதி கிடைக்கும். நாற்பது அடிக்குள் ஒன்று விழுமா, ஆறு விழுமா என்று யாருக்கும் தெரியாது. சுவரில் பாதி புதருக்குள் கிடந்தது. எங்கிருந்து அளப்பதென்று தெரியாததால் யாரும் அளக்கவில்லை என்று சொல்வார்கள். உண்மையில், அளந்து பார்க்கப் பயம்.

அப்படியிருக்கும்போதுதான் இருபத்தேழாம் நம்பர் கண்ணாடி அவள் கைக்கு வந்தது. மூங்கில் சாரம் கட்டிய அரைகுறைக் கட்டடம். நடுவில் பாதி எழும்பிய புகைபோக்கி. முன்னால் சம்மட்டி ஓங்கிக் கல் உடைக்கும் ஆறு பேர். ஓரமாக, தகரக் கூரையோடு ஒரு லயம்!

லயத்துச் சங்கத்தின் செயலாளர் தனபாலன் அந்தச் செய்தியைக் கேட்டதும் வேலைக்குப் போன உடுப்போடு காரியாலயத்துக்கே ஓடி வந்துவிட்டார். முறையாக விண்ணப்பம் கொடுத்துப் பிரதி வாங்கினார். பிரதியின் பின்பக்கம் “மூலத்தின் சரியான பிரதி” என்று சிங்களத்திலும் தமிழிலும் முத்திரை குத்தி, ஸ்கேன் செய்தவள் என்ற இடத்தில் ஜெயராணி கையெழுத்து வைத்தாள்.

காணி விசாரணைக்கு வியாழக்கிழமை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தனபாலன் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். பிளேன்டீ, மாரி பிஸ்கட். பெரிதாக்கிய படம் ஒரு கதிரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாலாவது காம்பராவில் தனியாக இருக்கும் ஹவ்வா உம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார்.

“யா அல்லாஹ், அந்தக் காலத்துல கல்லு ஒடச்ச ஆம்புளயள் எல்லாரும் இடக்கையனா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆறு பேரும் சம்மட்டியை இடக்கையால்தான் ஓங்கியிருந்தார்கள்.

“அதான் நம்ம செவுரெல்லாம் இப்புடிக் கோணலா நிக்குது,” என்றான் யோகராஜ்.

“தம்பி, செவுத்தச் சொல்லாத. ஒன்ட குசினிய நீதானே கட்டின? அதுக்கு எந்தக் கையன்?”

மறுபடி சிரிப்பு. ஜெயராணி சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இறக்கி வைக்க இடம் தேடினாள். ஒரு ஆள் இடக்கையனாக இருக்கலாம். ஆறு பேரும் இருக்க முடியாது. அவளுடைய வாய் காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் காரியாலயத்துக்குப் போய் மூன்றாம் பெட்டியைத் திறந்தாள். இருபத்தேழாம் நம்பரை உறையிலிருந்து எடுத்து, விரலை நாக்கில் வைத்தாள். எச்சில் இல்லை. தண்ணீர்ப் போத்தலில் விரலை நனைத்து மூலையைத் தொட்டாள். ஒட்டவில்லை. திருப்பித் தொட்டாள். அந்தப் பக்கமும் ஒட்டவில்லை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னாலும் இதே கண்ணாடி இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. யாரோ அந்தக் காலத்தில் மருந்துப் பூச்சின் மேல் வார்னிஷ் தடவியிருக்கிறார்கள். விரல் கைவிட்டதும் அவள் என்ன செய்தாள்? கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படித் திருப்பிப் பார்த்தாள். அப்படித் திருப்பிப் பார்த்தாள். கட்டடம் இரண்டு பக்கமும் ஒரே அச்சு. பின்னால் இருக்க வேண்டிய மலைகூட அந்தக் காலத்து மருந்தில் பதியாமல் வானத்தோடு வெளிறிப் போயிருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் லயம் வலது கையில் விழுந்தது. மறுபக்கம் திருப்பினால் இடது கையில். வத்தேகம வீதியிலிருந்து பார்த்தால் தன் வீடு இருக்கும் அதே இடது கை. ‘அட, நம்ம லயம்!’ என்று நெஞ்சு துள்ளியது. அந்தப் பக்கம்தான் சரியென்று வைத்து ஸ்கேன் செய்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். அந்த லயத்தில் குடியிருப்பவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்புத் தாளை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். படத்தில் நேராக விழும்படி, படம் பிடித்தவர் ஊசியால் கீறிய 27 அங்கே இருந்தது. நம்பர் நேராகத் தெரியும்படி பிடித்தால் சம்மட்டிகள் வலக்கைக்கு வந்தன. லயம் வலப்பக்கம் போய்விட்டது. இப்போது பஸ் கழுவுகிற வளவு இருக்கும் இடத்துக்கு. அவர்கள் குடியிருக்கும் இடப்பக்கத்தில் வெறும் சரிவு, கற்குவியல், இரண்டு மண் கூடை.

படத்திலிருந்தது வேறு லயம். அது எப்போதோ இல்லாமல் போய்விட்டது. அவர்களுடைய லயம் அப்போது பிறக்கவே இல்லை.

அவள் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள். கையெழுத்து அவளுடையது. மூலத்தின் சரியான பிரதி. பொய்ப் பத்திரம் கொடுத்தால் என்ன நடக்குமென்று பத்திரிகையில் படித்திருந்தாள். பொலிஸ், நீதிமன்றம், ஆறு மாதம், ஒரு வருஷம். வேலை போய்விடும் என்பது அந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வந்தது.

அன்று முழுக்க யாராவது கதவைத் தள்ளினாலே திடுக்கிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஸ்கேன் வேலைக்குப் பொறுப்பாக இருந்த சஞ்சீவனியிடம் போய் நின்றாள். சஞ்சீவனி யாழ்ப்பாணத்துப் பெண். ஜெயராணியைவிடப் பதினைந்து வயது குறைவு. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள்.

“மிஸ், இருபத்தேழாம் நம்பர்ல ஒரு பிழை நடந்திருக்கு.”

சொல்லி முடிக்கும்வரை சஞ்சீவனி பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“பிரதி வெளியில போயிட்டுதோ?”

“ஆமா மிஸ்.”

“எங்கை?”

“காணி விசாரணைக்கு. எங்க லயத்துக்கு.”

சஞ்சீவனி பேனாவை மேசையில் வைத்தாள். “அக்கா, இதை நான் மேல எழுதோணும். எழுதாமல் விடேலாது. வெள்ளிக்கிழமைதான் கூட்டம். அங்கைதான் சொல்லுவன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “விசாரணை எப்ப?” என்று கேட்டாள்.

“வியாழக்கிழமை மிஸ்.”

“ஓம். அப்ப வியாழக்கிழமை உங்கட கையில கிடக்கு,” என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள்.

அது கருணையா, கத்தியா என்று ஜெயராணிக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பின்னேரம் தனபாலன் வீட்டுக்குப் போனாள். யோகராஜும் கூட வந்தான். வத்தேகமயில் ஹார்ட்வேர் கடையில் சீமெந்து மூட்டை தூக்கிவிட்டு நேராக வந்திருந்தான். முழங்கை வரை சாம்பல் நிறத் தூசு. ஜெயராணி நடந்ததைச் சொல்லச் சொல்ல, தனபாலன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய முகம் இறுகிக்கொண்டே போனது.

“இத இன்னும் யாருக்குச் சொன்ன?”

“மிஸ்ஸுக்கு.”

“ஏன் சொன்ன? ஏன் தங்கச்சி சொன்ன?” அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “பன்னெண்டு குடும்பம். எங்கப்பா மாநகர சபையில முப்பது வருஷம் கக்கூஸ் கழுவி, ஒரு உறுதி பாக்காம செத்தாரு. ஒரு படம் கெடச்சிச்சு. ஒரே ஒரு படம். அதையும் நீயே குடுத்து நீயே புடுங்குற.”

“நான் வேணும்னு செய்யல அண்ணே.”

“அப்ப வேணும்னு கெடுக்காத. நாளைக்கு நீ வராத, அவ்வளவுதான். படம் இருக்கு, கையெழுத்து இருக்கு. நீ வாயத் தொறக்காட்டி ஒருத்தனுக்கும் தெரியாது.”

“தெரியும் அண்ணே. ஹவ்வா உம்மாவுக்கே தெரிஞ்சிச்சே. அடுத்த மாசம் இந்தப் படத்த ஆளுயரத்துக்கு அடிச்சு மாட்டப் போறாங்க. நேரா மாட்டினா நம்ம படம் பொய்யின்னு தெரியும். இப்புடியே மாட்டினா, பாக்குறவன் எல்லாம் இடக்கையனான்னு கேப்பான்.”

“கேக்கட்டும்.”

“கேட்டா உறுதிய ரத்து பண்ணுவாங்க. பொய்ப் படம் குடுத்த லயம்னு பேராகிடும். அப்பறம் நாப்பது அடியெல்லாம் பாக்க மாட்டாங்க, முழுசாத் தூக்கிருவாங்க.”

தனபாலன் போய், சாத்திய கதவைத் திறந்துவிட்டார். போகச் சொன்னதாக அர்த்தம்.

வெளியே வந்ததும் யோகராஜ், “இப்ப என்ன பண்ணப் போற?” என்றான்.

“தெரியல. பயமா இருக்கு.”

“போனாப் பயமா, போகாட்டிப் பயமா?”

அவள் நின்று யோசித்தாள். “ரெண்டுக்கும். போனா ஒரு நாளைக்கு, போகாட்டி ரொம்ப நாளைக்கு.”

விசாரணை நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். நீள வாங்கில் லயத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராணி படியேறி வந்ததைக் கண்டதும் தனபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹவ்வா உம்மா மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார். “என்ன மகள், காச்சலா? கை ஐஸாட்டம் ஈக்கி.”

விசாரணை அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள அம்மா. கோப்பைப் புரட்டி வரி ரசீதுகளைப் பார்த்தார். வாக்காளர் பட்டியல்களைப் பார்த்தார். கடைசியில் படத்தை எடுத்ததும் முகத்தில் ஒரு மலர்ச்சி. இது நல்ல சான்று, இது இருந்தால் மற்றது அவ்வளவு தேவையில்லை என்று சிங்களத்தில் சொன்னார். பின்பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். “இவர் வந்திருக்கிறாரா?”

வாங்கில் ஒருவரும் அசையவில்லை. தனபாலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயராணிக்குக் காதுக்குள் இரைந்தது. ஆனாலும் எழும்பிவிட்டாள்.

“நான்தான் மேடம்,” என்றாள் சிங்களத்தில். மேசைக்குக் கிட்டப் போய், அதிகாரியின் கையிலிருந்த படத்தை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை, கை நீண்டது, அந்த அம்மாவும் கொடுத்துவிட்டார். அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய், படம் வெளியே பார்க்கும்படி திருப்பிக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பிடித்தாள். வெயில் தாளை ஊடுருவி வந்தது. முத்திரைக்கும் கையெழுத்துக்கும் பின்னால், கட்டடமும் புகைபோக்கியும் மங்கலாகத் தெரிந்தன. கல் உடைப்பவர்கள் சம்மட்டியை வலக்கைக்கு மாற்றியிருந்தார்கள். லயம் வலப்பக்கம் நின்றது.

“இப்படித்தான் மேடம் பார்க்க வேண்டும். நான் கண்ணாடியைப் பக்கம் மாறி வைத்துவிட்டேன். இதைக் கொடுத்தபோது இவர்கள் யாருக்கும் தெரியாது. பிழை என்னுடையது.”

மறுகை விரலால் சம்மட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அதிகாரி எழுந்து வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். “எப்போது தெரிந்தது?”

“திங்கட்கிழமை.”

“இன்றைக்கு வியாழக்கிழமை.”

“ஆமாம் மேடம். பயந்துகொண்டிருந்தேன்.”

அந்த அம்மா கதிரைக்குத் திரும்பிப் போய், படத்தின் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, விண்ணப்பகாரரே மீளப் பெற்றுக்கொண்டார் என்று எழுதினார். “இதில் தனபாலனும் கையெழுத்து வைக்க வேண்டும்.” தனபாலன் வந்து வைத்தார். ஜெயராணியை அவர் பார்க்கவில்லை. “சரி. இனிமேல் அளந்துதான் பார்க்க வேண்டும். இரண்டு கிழமையில் நில அளவையாளர் வருவார்,” என்றார் அதிகாரி.

அந்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், லயத்தில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. குழாயடியில் அவள் வாளியை வைத்தால் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு காரியாலயத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்; ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு நீட்டினார்கள். நூற்றுப் பதினாறு கண்ணாடியையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் அவள் சுவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலடியால் எண்ணிப் பார்க்க இரண்டு தடவை வெளியே போய், எண்ணாமல் திரும்பி வந்தாள்.

அளவையாளர் காலையில் வந்தார். கூட வந்த ஆட்கள் புதரை வெட்டி, பழைய சுவரின் அத்திவாரத்தை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். லயமே வாசலில் நின்றது. அளவு நாடாவின் ஒரு முனையை அத்திவாரத்தோடு பிடிக்க ஆள் வேண்டுமென்று அளவையாளர் சுற்றிப் பார்த்தார். யாரும் முன்வரவில்லை. யாருக்கும் அந்த நாடாவைத் தொட விருப்பமில்லை.

“அந்த அக்கா பிடிக்கட்டும்,” என்று அவர் ஜெயராணியைக் காட்டினார்.

அவள் குந்தி உட்கார்ந்து, ஈரக் கருங்கல்லோடு நாடாவை அழுத்திப் பிடித்தாள். நாடா இழுபட்டு, அவள் வீட்டுப் பக்கமாகப் போனது. “ஆட்டாதீங்க,” என்று அங்கிருந்து சத்தம் வந்தது. அவள் மறுகையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அளவையாளர் சிங்களத்தில் இலக்கம் சொன்னார். அவருடைய உதவியாளர் எழுதினார். முப்பத்தைந்து. பிறகு வேறொரு இலக்கம். நாற்பத்து மூன்று.

முப்பத்தைந்து அவளுடைய குசினியின் தகரச் சுவர். யோகராஜ் கட்டின பத்தி. நாற்பத்து மூன்று காம்பராவின் கற்சுவர். அதற்கடுத்த காம்பராக்கள் எல்லாம் சரிவில் இன்னும் தள்ளித்தான் போயின. இருந்தாலும் அளவையாளர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக அளந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாடாவைப் பிடித்திருந்தாள். ஐம்பது. ஐம்பத்தெட்டு. எழுபதுக்கு மேல்.

உதவியாளர் வந்து குசினிச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். “இது மட்டும் உடைக்கணும். மற்றதெல்லாம் நாற்பது அடிக்கு வெளியில.”

நாடாவை விட்டபின்னும் ஜெயராணியின் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. யோகராஜ் குறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அப்ப அடுப்ப எங்க வைக்கிற?” என்று யாரிடமென்று இல்லாமல் கேட்டான்.

“என்ட வாசல்ல வை, தம்பி,” என்றார் ஹவ்வா உம்மா. “அந்தக் கோணச் செவுரு போகட்டும். எனக்குப் பாக்கவே தல சுத்துற.”

தனபாலன் குசினியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, கழட்டுறப்ப இந்தத் தகரத்த வீசிராத. ரெண்டு தகடு நல்லா இருக்கு. நம்ம கோழிக் கூட்டுக்கு வேணும்.”

“எடுத்துக்கங்க அண்ணே,” என்றாள். குசினிக்குள் போய், முதலில் அடுப்பை வெளியே எடுத்தாள்.